எருக்கஞ்செடியை வெட்டும் முன் ஒரு நிமிஷம்... துவாக்குடி முதல் மேலூர் வரை ஒரு வண்ணத்துப்பூச்சிப் பயணம்!

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் துவாக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர், பெல் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நகரம் பின்னால் போகும். தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் லாரிகளின் ஹாரன், பேப்ரிகேஷன் பட்டறைகளில் வெல்டிங் பொறி, இரும்புத் தகடு வெட்டும் சத்தம். துவாக்குடி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது இவைதான். இல்லையென்றால், பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்க வைக்க ஆசைப்படும் பெற்றோருக்கு என்.ஐ.டி.

வண்ணத்துப்பூச்சி பார்க்க யாராவது துவாக்குடிக்குப் போவார்களா? போகலாம். பஸ்ஸை விட்டு இறங்கி, சாலை ஓரத்து மண்ணில் நான்கடி நடந்தாலே போதும். புழுதி படிந்த சாம்பல் பச்சை இலைகளோடு ஓர் எருக்கஞ்செடி நிற்கும். அதன் இலையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால், குண்டூசித் தலை அளவுக்கு ஒரே ஒரு வெளிர் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அது வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் முட்டை. வெந்தய நிறத்தில் இறக்கை, ஓரத்தில் கறுப்புக் கரை, கறுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள். நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பெயர்தான் பலருக்குத் தெரிந்திருக்காது.

பந்தி ஒரு செடி... தொட்டில் ஒரு செடி!

வண்ணத்துப்பூச்சி என்றாலே பூதான் நினைவுக்கு வருகிறது. வீட்டு முன்னால் நாலு பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வந்துவிடும் என்று நினைக்கிறோம். வரும். தேன் குடிக்கும், போய்விடும். ஆனால், அந்தச் செடியிலேயே அதன் அடுத்த தலைமுறை பிறக்குமா என்றால், பெரும்பாலும் இல்லை.

பூ என்பது பந்தி மாதிரி. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். முட்டையிடும் இலை என்பது தொட்டில். அதை எந்த வீட்டில் கட்டுவது என்று ஒவ்வொரு இனமும் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது. வெந்தய வரியனுக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம். கறிவேப்பிலை அழகிக்குப் பெயரிலேயே முகவரி இருக்கிறது. கொன்னை வெள்ளையனுக்குக் கொன்றை மரம். அந்தச் செடி இல்லாத இடத்தில் எத்தனை பூ பூத்தாலும் அந்த இனம் குடும்பம் நடத்த முடியாது.

எருக்கம்பாலில் விஷத்தன்மை உண்டு. ஆடு, மாடு வாய் வைக்காது. ஆனால், வெந்தய வரியனின் புழு அதைத்தான் தின்று வளர்கிறது. அந்த நச்சை உடம்பில் சேமித்தும் கொள்கிறது. ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை, மறுமுறை அந்த வெந்தய நிறத்தைப் பார்த்தாலே ஒதுங்கிவிடும்.

இதைப் பார்த்து இன்னொரு பூச்சி வேஷம் கட்டியிருக்கிறது. பருப்புக்கீரையில் முட்டையிடும் ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்தில், ஆண் கறுப்பு உடுப்பில் வெள்ளை வட்டங்களோடு இருக்கும். பெண்ணோ அச்சு அசல் வெந்தய வரியன்! உடம்பில் அந்த நச்சு கிடையாது. பறவையை ஏமாற்ற உடை மட்டும் மாற்றிக்கொண்டது. பறந்துகொண்டிருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். செல்போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். பின்னிறக்கையின் நடுவில் மூன்று, நான்கு கறுப்புப் புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். மேல் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி இருந்தால் வேஷக்காரி.

எறும்பும் சிலந்தியும் கும்பிட்ட ஊர்

துவாக்குடியில் இருந்து திருச்சிக்குத் திரும்பும் வழியில் திருவெறும்பூர். சாலையில் இருந்தே தெரியும் சின்னக் குன்றின் மேல் எறும்பீஸ்வரர் கோயில். தேவர்கள் எறும்பு உருவம் எடுத்து வந்து சிவனை வழிபட்டார்கள், எண்ணெய்ப் பசையில் எறும்புகள் வழுக்கி விழுவதைப் பார்த்து, அவை ஏறி வர வசதியாக லிங்கமே புற்றாக மாறிச் சாய்ந்து கொடுத்தது என்பது தல வரலாறு.

திருச்சியின் மறுகோடியில், காவிரி தாண்டினால் திருவானைக்காவல். அங்கே வெண்நாவல் மரத்தடி லிங்கத்துக்குச் சிலந்தி வலை பின்னிப் பந்தல் போட்டது, யானை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது என்று கதை. ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் புன்னை தல மரம்.

எறும்பு ஏறுவதற்காகச் சாய்ந்து கொடுத்த தெய்வத்தின் ஊரில், கறிவேப்பிலையில் புழு இருக்கிறது என்று மருந்து அடிக்கிறோம். தல மரம் என்று கோயிலில் ஒரு மரத்தைக் காப்பாற்றிய பழக்கம், வீட்டு வாசலுக்கு வரும்போது மட்டும் எங்கே போனது? சிவன் கோயில் நந்தவனத்தில் நிற்கும் வில்வத்தின் கொழுந்தை உற்றுப் பார்த்தால், பூஜைக்குப் பறித்தது போக மிச்ச இலையில் எலுமிச்சை அழகியின் புழு இருக்கலாம். கோயில் மரம் காப்பாற்றப்பட்டதில் அதற்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது.

காவிரி கொண்டுவந்த பறவைகள்

துவாக்குடிப் பக்கத்து வறண்ட மண்ணுக்கு ஈரம் கொடுப்பது உய்யக்கொண்டான் வாய்க்கால். சோழர் காலத்து வாய்க்கால் இது. பேட்டைவாய்த்தலையில் காவிரியில் இருந்து பிரிந்து, திருச்சி நகரத்தின் நடுவே புகுந்து, துவாக்குடி அருகே உள்ள வாழவந்தான்கோட்டை ஏரி வரை வருகிறது. இந்தத் தண்ணீர் போகும் பாதையில் குளமும் வயலும் இருந்தால், அங்கே நாரை, கொக்கு, மீன்கொத்தி, தாழைக்கோழி என்று ஒரு கூட்டமே குடியிருக்கும். மழைக்காலம் முடிந்து ஏரிகள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் திருவெறும்பூர் சுற்றுவட்டாரத்து ஏரிக்கரைகளில் அதிகாலையில் நடந்தால், பறவை பார்க்கத் தனியாக வேறு எங்கும் போக வேண்டியதில்லை.

இன்னும் கொஞ்ச தூரம் போகத் தயார் என்றால் அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி இருக்கிறது. சுமார் 450 ஹெக்டேர் பரப்பு கொண்ட இந்த ஏரி, பறவைகள் சரணாலயம். 2024-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வந்து தங்கும் இடம் இது.

மேலூரில் முதலில் நட்டது செடியைத்தான்

துவாக்குடியில் காலையில் கிளம்பினால், சத்திரத்தில் வேறு பஸ் மாறி, வெயில் ஏறுவதற்குள் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிடலாம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் மேலூர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில் சுமார் 25 ஏக்கரில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இங்கே இருக்கிறது. 2015 நவம்பரில் திறக்கப்பட்டது.

பூங்கா என்றதும் கூண்டுக்குள் அடைத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்து வரும் குழந்தைகளுக்கு முதலில் ஒரு ஆச்சரியம். பெரும்பகுதி திறந்தவெளி. எந்த வண்ணத்துப்பூச்சிக்கும் போகக் கூடாது என்று தடை இல்லை. ஆனாலும், இங்கேயே இருக்கின்றன. காரணம், தேனுக்கான செடிகளோடு சேர்த்து, முட்டையிடும் செடிகளையும் தேடித் தேடி நட்டதுதான். பந்தியும் இருக்கிறது, தொட்டிலும் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்? நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. தமிழ்நாடு முழுவதும் சேர்த்து 300-க்கும் மேற்பட்ட இனங்கள் என்னும்போது, சமவெளியில் ஆற்றங்கரைத் துண்டு நிலம் ஒன்றில் இது பெரிய எண்ணிக்கை.

பூங்காவில் புழுவும் கூட்டுப்புழுவும் வளர்க்கும் ஆய்வுக்கூடம், நிழலான நடைபாதைகள், நட்சத்திர வனம், ராசி வனம் எல்லாம் உண்டு. கூட்டமாக இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, ஓரமாக உள்ள செடிகளிடம் நின்றால் கிலுகிலுப்பைச் செடியைப் பார்க்கலாம். காய்ந்த காயை ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் வருமே, அதுதான். அதில் நீல வரியன்கள் மொய்த்துக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். அவை தேனுக்காக வரவில்லை. அந்தச் செடியின் சாற்றில் உள்ள ஒரு வேதிப்பொருளை ஆண் பூச்சிகள் உறிஞ்சி எடுக்கின்றன. பெண்ணைக் கவரும் வாசனையை அதில் இருந்துதான் தயாரிக்கின்றன.

இந்த நீல வரியன் ஒரு பயணி. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து கூட்டமாகக் கிழக்கே சமவெளிக்கு வரும். ஐப்பசி வாக்கில் மறுபடி மலையை நோக்கித் திரும்பும். வழியில் இறங்கி இளைப்பாற அதற்குச் செடி வேண்டும். ஊருக்கு ஊர் காலி மனைகளைச் சுரண்டி வெறும் தரையாக்கிவிட்டால், அது எங்கே இறங்கும்?

2019-ல் தமிழ்நாடு அரசு, மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தது. அது மலைக்காட்டு இனம். துவாக்குடியில் பார்க்க முடியாது. ஆனால், மாநில விலங்கு, மாநிலப் பறவை என்ற வரிசையில் ஒரு வண்ணத்துப்பூச்சிக்கும் இடம் கிடைத்தது பெரிய விஷயம்.

கேமராவும் செடியும் பிடித்த மனிதர்

வன உயிரினங்களைப் படம் எடுப்பதும், நம் மண்ணின் செடிகளைக் காப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டிய தமிழர் ஒருவர் உண்டு. மா.கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஆரம்பகாலத் தமிழ் நாவலாசிரியர்களில் ஒருவரான அ.மாதவையாவின் மகன். தாவரவியல் படித்தவர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்களும் காட்டெருமைப் படங்களும் இன்றும் பேசப்படுகின்றன. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே பொருத்திச் செய்த கருவியைச் சுமந்துகொண்டு காடு காடாக நடந்தவர்.

'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-ல் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி, 1996-ல் அவர் இறக்கும் வரை வந்துகொண்டிருந்தது. அதில் புலிக்கும் யானைக்கும் கொடுத்த அதே மரியாதையை அணிலுக்கும் ஓணானுக்கும் கொடுத்தார். அழகுக்காக வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து சாலைகளிலும் பூங்காக்களிலும் நடுவதை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. நம் மண்ணுக்கு நம் மரம் போதும் என்பது அவர் கட்சி.

அந்தக் கவலை இன்று இன்னும் பொருந்துகிறது. விறகுக்கு என்று வந்த சீமைக்கருவேலம் ஏரிகளை அடைத்துக்கொண்டது. பூ அழகு என்று வந்த உண்ணிச்செடி காடுகளைப் பிடித்துக்கொண்டது. அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட வேண்டியதாயிற்று. வேகமாக வளர்கிறது என்று எங்கும் நடப்பட்ட கோனோகார்பஸ் மரத்துக்கு 2023-ல் குஜராத் தடை போட்டது. பச்சையாக இருப்பதெல்லாம் நல்லது இல்லை. அந்தப் பச்சையை யாராவது தின்கிறார்களா, அதில் யாராவது கூடு கட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கையில் இருப்பதே போதும்!

மா.கிருஷ்ணன் சுமந்த கனமான கேமரா இன்று தேவையில்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் செல்போனே போதும். சில விஷயங்களை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

* காலை எட்டில் இருந்து பத்து மணிக்குள் போங்கள். உடம்பைச் சூடேற்றிக்கொள்ள இறக்கையை விரித்து வெயிலில் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் ஒரு இடத்தில் நிற்காது.

* உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. நிழல் பட்டதும் பறந்துவிடும். நின்றுகொண்டு குனிவதைவிட, முட்டி போட்டு அதன் உயரத்துக்கு இறங்குங்கள்.

* இறக்கையின் மேல்பக்கம் ஒரு படம், மூடியிருக்கும்போது அடிப்பக்கம் ஒரு படம். உட்கார்ந்திருக்கும் செடியின் இலையும் தெரியும்படி இன்னொரு படம். எந்த இனம் என்று கண்டுபிடிக்க இந்த மூன்றும் உதவும்.

* படத்தை ஐ-நேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் தேதி, இடத்தோடு பதிவேற்றலாம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். உங்கள் படம் ஆய்வாளர்களுக்கு ஒரு தகவலாகவும் ஆகிவிடும்.

* பறவைகளுக்கு ஈ-பேர்டு இருக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மொட்டை மாடியில் பதினைந்து நிமிஷம் நின்று எண்ணினாலும் கணக்கில் சேரும். பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனிக் கணக்கெடுப்பு உண்டு.

அதே கேமரா கெடுதலும் செய்யும். கூட்டின் அருகே போய்ப் படம் எடுத்தால் தாய்ப்பறவை முட்டையை விட்டுப் போய்விடலாம். மறைத்திருக்கும் இலையை ஒதுக்கினால், காக்கைக்கு வழி காட்டியதாகிவிடும். பறவையை வரவழைக்கச் செல்போனில் அதன் குரலை ஒலிக்க விடுவது, தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக அதைப் பதற வைக்கும். அசையாமல் இருக்க வேண்டும் என்று பூச்சியைப் பிடித்துக் குளிரவைத்துப் படம் எடுப்பது கொடுமை. வண்ணத்துப்பூச்சியின் இறக்கையைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி, அதன் இறக்கைச் செதில்கள். அவை மறுபடி முளைக்காது. அரிய பறவையின் கூடு கண்ணில் பட்டால் இடத்தைச் சொல்லாமல் இருப்பதே அதற்குச் செய்யும் உதவி.

கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு மாதம்

செலவே இல்லாமல் வீட்டில் தொடங்க வேண்டும் என்றால், கறிவேப்பிலைத் தொட்டிதான் சரி. இலையில் பறவை எச்சம் போல ஒன்று தெரியும். தட்டிவிடப் போவோம். அது எச்சம் இல்லை, எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகியின் இளம்புழு. பறவை தன் எச்சத்தைத் தானே தின்னுமா? அந்த நம்பிக்கையில்தான் அந்த வேஷம்! கொஞ்சம் வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னால் இருந்து இரட்டைக் கொம்பு போல ஒன்றை நீட்டி, ஒரு நெடியைப் பரப்பும். பயப்பட ஒன்றும் இல்லை.

குழம்புக்கு என்று இருக்கும் செடி மொட்டையாகிவிடுமே என்ற கவலை நியாயம்தான். ஒரு வழி இருக்கிறது. இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்று சமையலுக்கு, ஒன்று அவற்றுக்கு. சமையல் செடியில் இருக்கும் புழுவை இலையோடு கிள்ளி மற்ற செடியில் வைத்துவிடலாம். மருந்து அடிக்க வேண்டாம். தினமும் ஒரு படம் என்று பிள்ளைகளை எடுக்கச் சொல்லுங்கள். முட்டையில் இருந்து சிறகு முளைக்கும் வரை மூன்று, நான்கு வாரம். அந்தப் படங்களை வரிசையாக வைத்தால், பாடப்புத்தகத்தில் வரும் வாழ்க்கைச் சுழற்சிப் படம் உங்கள் வீட்டுப் பால்கனியில் எடுத்ததாக இருக்கும்.

வாசலில் கொஞ்சம் மண் இருந்தால் ஆவாரை, துளசி, நொச்சி வைக்கலாம். வேலி ஓரத்தில் ஓர் எருக்கும் கிலுகிலுப்பையும் இருந்துவிட்டுப் போகட்டும். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். தெருவில் மரம் வைக்க இடம் இருந்தால் புங்கம், வேம்பு, நாவல், கொன்றை. பெரிய இடம் என்றால் இலுப்பை, மருதம், ஆல், அத்தி. ஆலும் அத்தியும் பழுத்தால் குயிலும் குக்குறுவானும் தானாக வரும். வனத்துறை நாற்றங்கால்களில் இந்தக் கன்றுகளைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவிகிதமாக உயர்த்த 2022-ல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கிய பிறகு, நம் மண்ணின் மரக் கன்றுகள் முன்பைவிட எளிதாகக் கிடைக்கின்றன.

மறுபடி துவாக்குடி

1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய என்.ஐ.டி வளாகம் மட்டும் 800 ஏக்கர். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. ஆனால், வெளியே இருக்கும் சாலை ஓரமும், தொழிற்பேட்டைச் சுவர் ஓரமும், விற்காமல் கிடக்கும் மனைகளும் எல்லோருக்கும் பொது. ஊர் வளர வளர இந்த ஓரங்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. மனை விற்றதும் முதலில் வருவது ஜே.சி.பி. பண்டிகைக்கு முன்னால் சுவர் ஓரத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று வருவது அரிவாள். இரண்டுக்குமே எருக்கு வெறும் களை.

அப்படி ஒரு செடியை வெட்டினால் என்ன ஆகும்? வெந்தய வரியன் அழிந்துவிடாது. அடுத்த ஓரத்தில் இன்னொரு எருக்கைத் தேடிப் போகும். அந்த ஓரமும் சுத்தமானால் அதற்கடுத்த ஓரம். இப்படி எத்தனை தூரம்தான் அது பறக்கும் என்பதே கேள்வி.

சாயங்காலம் துவாக்குடியில் ஷிப்ட் விட்டு வருபவர்கள் டீக்கடையில் நிற்கிறார்கள். எதிரே சாலை ஓரத்து எருக்கஞ்செடியில், வெயில் தாழ்ந்த வெளிச்சத்தில், பச்சை நிறக் கூட்டுப்புழு ஒன்று இலைக்கு அடியில் தொங்குகிறது. உடம்பில் தங்கப் புள்ளிகள். நகைக்கடையில் தொங்கும் ஜிமிக்கி மாதிரி. ஒரு வாரம், பத்து நாள் போனால் அதில் இருந்து சிறகு வரும்.

அதுவரை அந்தச் செடி அங்கே இருந்தால் போதும்.